ஸ்போர்ட் ரிம் வாங்குமுன்: செய்முறையையும் எடையையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்பூட் வட்டாரத் தோட்டங்களில் மைவி, பெஸ்ஸா, ஆக்சியா, சாகா ஆகிய கார்கள் நிறைய ஓடுகின்றன. காரை வாங்கிச் சில மாதங்களில் இளைஞர்கள் முதலில் மாற்ற நினைப்பது ரிம்தான், அதாவது டயரை மாட்டும் உலோகச் சக்கரம்தான். நிறம், வடிவம், விலை ஆகிய மூன்றையும் நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த ரிம் எப்படிச் செய்யப்பட்டது, எத்தனை கிலோ இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் கடையில் கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. ஐந்தரைக் கிலோ எடையுள்ள ரிம் ஒரு செய்முறையில் நல்ல பொருளாகவும், இன்னொரு செய்முறையில் உயிருக்கு ஆபத்தான பொருளாகவும் இருக்கக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மைவிக்கு 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் கொண்ட புது ரிம் நான்கு வாங்கினேன். "இது ஃபோர்ஜ் தம்பி, ரொம்ப லேசு" என்று விற்றவர் சொன்னதை அப்படியே நம்பினேன். உலோகத்தை உருக்கி ஊற்றாமல், அழுத்தி வடித்த ரிம்மைத்தான் ஃபோர்ஜ் என்பார்கள். ஏழாவது மாதம், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடிப் பள்ளமாக்கிய தோட்டத்துச் சாலையில், இடது முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. மறுநாள் காலையில் டயர் தட்டையாகக் கிடந்தது. டயரில் ஆணியும் இல்லை, வெட்டும் இல்லை. சக்கரத்தைக் கழற்றி, மீண்டும் காற்றடித்து, உள்பக்கம் சோப்பு நீர் தடவியபோதுதான் விஷயம் தெரிந்தது. நடுப்பகுதியை வெளிவளையத்தோடு இணைக்கும் ஸ்போக் ஒன்றின் அடியிலிருந்து உள்விளிம்பு வரை தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. அதன் நெடுகிலும் கடுகளவுக் குமிழ்கள் வரிசையாக எழும்பி வெடித்தன. டயரைக் கழற்றி அந்த ரிம்மை எடை போட்டேன், 7.8 கிலோ. காரோடு வந்து, வீட்டுப் பின்புறம் சும்மா கிடந்த 14 அங்குல இரும்பு ரிம் அதே தராசில் 6.6 கிலோ காட்டியது. பணமும் கொடுத்து, எடையையும் கூட்டி, உறுதியையும் இழந்திருந்தேன். அதன் பிறகு வாங்கிய எந்த ரிம்மையும் நான் எடை போடாமல் வாங்கியதில்லை.

படி 1: இப்போது காரில் இருப்பதை எடை போடுங்கள்

ஒப்பீடு என்றால் ஒப்பிடுவதற்கு ஓர் எண் முதலில் கையில் இருக்க வேண்டும். புது டயர் மாற்றப் போகும் நாளே இதற்கு நல்ல நாள். டயரைக் கழற்றிய பிறகு, வெறும் ரிம்மைத் தராசில் வைக்கச் சொல்லலாம். பயணப் பெட்டியை எடை போடப் பயன்படும் சிறிய மின்னணுத் தொங்கு தராசு போதும். ஒட்டுப்பால் நிறுத்த பழைய டாச்சிங் எனும் கைத்தராசு இன்னும் வீட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அரைக் கிலோ வேறுபாட்டை அதில் தெளிவாகப் படிப்பது கடினம். தொங்கு தராசு கிடைக்காவிட்டால், குளியலறைத் தராசில் ரிம்மைக் கையில் ஏந்தி ஒரு முறையும், வெறுங்கையோடு ஒரு முறையும் நின்று, இரண்டு எண்ணையும் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் பிழை குறையும்.

எடை போடுமுன் சக்கரம் சமனாகச் சுழல ரிம்மில் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் கட்டிகளையும், உள்பக்கம் அப்பிய செம்மண்ணையும் நீக்குங்கள். தோட்டத்துக்குள் ஓடும் காரில் காய்ந்த மண் மட்டுமே எடையைக் கண்டபடி கூட்டிவிடும். டயரையும் தனியாக நிறுத்து, இரண்டு எண்களையும் தேதியோடு குறித்து வையுங்கள். டயரின் எடை ஏன் தேவை என்பது அடுத்த படியில் விளங்கும்.

படி 2: எடை குறைந்தால் உண்மையில் என்ன மாறும் என்று கணக்குப் பாருங்கள்

"சக்கரத்தில் ஒரு கிலோ குறைந்தால் காரில் நாலு கிலோ குறைந்த மாதிரி" என்று பலர் சொல்வார்கள். அது மிகையான கூற்று. காரின் மற்ற பாகங்கள் முன்னோக்கி நகர்கின்றன. சக்கரம் நகர்வதோடு சுழலவும் வேண்டும் என்பதால் அதை வேகப்படுத்தக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. எவ்வளவு கூடுதல் என்பது அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 15 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் வளையம் மையத்திலிருந்து சுமார் 190 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது; டயரின் வெளி ஆரமோ சுமார் 290 மில்லிமீட்டர். 190ஐ 290ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் 0.43 வரும். இதை ஒன்றோடு கூட்டுங்கள். ஆக, வளையத்தில் இருக்கும் ஒரு கிலோ, வேகம் எடுக்கும்போது ஏறத்தாழ 1.4 கிலோவாகக் கனக்கும். சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்புக்கு அருகில் இருக்கும் ஒரு கிலோ கிட்டத்தட்ட ஒரு கிலோவாகவே இருக்கும். டயரின் தரையைத் தொடும் பரப்பில் இருக்கும் ஒரு கிலோதான் இரண்டு கிலோவை நெருங்குகிறது.

இதை வைத்து உங்கள் காருக்குக் கணக்குப் போடுங்கள். ரிம் ஒன்றுக்கு 2 கிலோ குறைத்தால் நான்குக்கும் 8 கிலோ. சுழற்சியையும் சேர்த்தால் சுமார் 11 கிலோ. ஓட்டுநரோடு சேர்த்து ஏறக்குறைய 1,000 கிலோ இருக்கும் சிறிய காரில் இது ஒரு சதவீதம் மட்டுமே. ஆகவே ரிம்மை மட்டும் மாற்றிவிட்டுக் கார் பறக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்றும் இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது: லேசான ரிம் வாங்கிவிட்டு அதன்மேல் தேவைக்கு மேல் அகலமான, கனமான டயரைப் போட்டால், மிச்சப்படுத்திய எடை மிக மோசமான இடத்தில், அதாவது வெளி ஓரத்தில், திரும்பி வந்து சேரும்.

அப்படியானால் லேசான ரிம்மால் என்ன பயன்? பயன் மேடு பள்ளத்தில் இருக்கிறது. காரின் உடலை ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. சக்கரம், டயர், பிரேக், ஹப் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகின்றன. ஒரு குழியைத் தாண்டியதும், மேலெழும்பிய சக்கரத்தைத் திரும்பத் தரையில் அழுத்துவது ஸ்பிரிங்கின் வேலை. அந்த அசைவை அடக்குவது அப்சோபரின் வேலை. சக்கரம் எவ்வளவு கனமோ அவ்வளவு தாமதமாக அது தரைக்குத் திரும்பும். தரையைத் தொடாத அந்தக் கணத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. ஈப்போவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. துணி துவைக்கும் பலகைபோல அலையலையாகக் கிடக்கும் தோட்டத்துச் செம்மண் சாலையில் அது கையிலேயே தெரியும். எனவே பட்டணத்தில் மட்டும் ஓட்டுபவரைவிடத் தோட்டத்தில் ஓட்டுபவருக்குத்தான் லேசான ரிம்மின் அருமை அதிகம்; உடைந்துபோகும் அபாயமும் அவருக்குத்தான் அதிகம்.

படி 3: செய்முறைகளைப் பிரித்து அறியுங்கள்

கடைக்குப் போகுமுன் இந்தப் பகுதியை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டுச் செல்லுங்கள். விற்பவர் சொல்லும் பெயர்களுக்கு என்ன பொருள் என்பது இதில்தான் இருக்கிறது.

இரும்பு ரிம் தகட்டை அழுத்தி வடிவமைத்த தட்டையும், வளைத்து உருட்டிய வளையத்தையும் ஒன்றாகப் பற்றவைத்துச் செய்யப்படுகிறது. அடிபட்டால் உடையாது, வளையும், மலிவாக நிமிர்த்திவிடலாம். இதைத் தாழ்வாக நினைப்பது தவறு. குறுகலான 14 அங்குல இரும்பு ரிம், மலிவான அகல அலுமினிய ரிம்மைவிட லேசாகவே இருப்பது உண்டு என்பதற்கு என் வீட்டுத் தராசே சாட்சி.

அடுத்தது வார்ப்பு. உருக்கிய அலுமினியக் கலவையை அச்சில் மேலிருந்து ஊற்றி, அது தன் எடையாலேயே இறங்கி நிரம்பும்படி விடுவது மிக மலிவான முறை. சிலிக்கன் ஏறத்தாழ 7 சதவீதமும் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்த ஏ356 என்ற கலவைதான் ரிம் வார்ப்பில் மிகப் பரவலாகப் பயன்படுவது. வெல்லப்பாகை வேகமாக ஊற்றினால் காற்றுக் குமிழ் சிக்கிக்கொள்வதைச் சமையலறையில் பார்த்திருப்போம். உலோகத்திலும் அதேதான் நடக்கிறது. உள்ளே சிக்கிய நுண்துளைகளே பிற்காலத்தில் விரிசல் தொடங்கும் இடங்கள். நேர்மையான உற்பத்தியாளர் இதை ஈடுகட்ட உலோகத்தைத் தடிமனாக விடுகிறார். அதனால் ரிம் கனக்கிறது. நேர்மையற்றவர் செலவையும் எடையையும் குறைக்கத் தடிமனைக் குறைத்துவிடுகிறார். இந்தச் செய்முறையில் "ரொம்ப லேசு" என்ற சொல்லைக் கேட்டால் மகிழாதீர்கள், அஞ்சுங்கள்.

குறைந்த அழுத்த வார்ப்பில் அச்சு மேலேயும் உருகிய உலோகம் இருக்கும் உலை கீழேயும் இருக்கும். ஒரு பார், அதாவது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கும் குறைவான காற்றழுத்தம் உலோகத்தைக் குழாய் வழியாக மெல்ல மேலே தள்ளி அச்சை அடியிலிருந்து நிரப்புகிறது. கிணற்றில் ஊற்று ஏறுவதுபோல அமைதியாக நிரம்புவதால் காற்று சிக்குவது குறைவு. குளிர்ந்து இறுகும் வரை அழுத்தம் தொடர்வதால் உலோகமும் செறிவாக அமைகிறது. கார் உற்பத்தியாளர்கள் தங்கள் கார்களோடு தரும் அலுமினிய ரிம்களில் பெரும்பாலானவை இந்த வகையே. ஆகவே காரோடு வந்த அலுமினிய ரிம்மை மலிவான புது ரிம்முக்காகக் கழற்றி விற்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தரமான வார்ப்பு ரிம்முக்கு டி6 என்ற வெப்பப் பதப்படுத்தல் செய்யப்படுகிறது. ரிம்மைச் சுமார் 540 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து, நீரில் சட்டெனக் குளிர்வித்து, பின்னர் 150 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் மறுபடியும் பதப்படுத்துவார்கள். ரிம்மின் உறுதியில் பெரும்பங்கு இந்தப் பதத்தில்தான் இருக்கிறது. பழைய ரிம் வாங்குவதைப் பற்றிப் பேசும்போது இதை மீண்டும் நினைவூட்டுவேன்.

மூன்றாவது, ஃபுளோ ஃபார்ம் எனப்படும் உருட்டி நீட்டும் முறை. குயவர் சக்கரத்தில் களிமண் உருண்டையை வைத்து, சுற்றவிட்டு, விரலால் அழுத்தி மேலிழுக்கும்போது பானையின் சுவர் மெல்லியதாகவும் சீராகவும் எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் குட்டையான, தடித்த வளையத்தோடு ஒரு ரிம் வார்க்கப்படுகிறது. அதைச் சூடாக்கி வேகமாகச் சுழற்றி, வளையத்தின்மேல் உருளைகளால் பெரும் விசையோடு அழுத்த, தடித்த உலோகம் அகலவாக்கில் நீண்டு மெல்லிய வளையமாகிறது. அழுத்தத்தில் நுண்துளைகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. உலோகத்தின் உள்ளிருக்கும் நுண்மணிகள் ஒரே திசையில் நீள்கின்றன. எடை குறைவதும் வளையப் பகுதியிலேயே என்பதால், இரண்டாம் படியில் பார்த்த கணக்கின்படி நமக்கு வேண்டிய இடத்தில்தான் குறைகிறது. ஜப்பானின் எங்கெய் நிறுவனம் இந்த முறையைத் தன்னிடம் மேட் என்ற பெயரில் அழைக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இதில் முகப்பும் ஸ்போக்குகளும் இன்னும் வார்ப்புதான். சில கடைகளில் இதையே "ரோட்டரி ஃபோர்ஜ்" என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பெயரைப் பார்த்து முழு ஃபோர்ஜ் என்று எண்ணிப் பணம் கொடுத்துவிடக் கூடாது.

நான்காவதுதான் உண்மையான ஃபோர்ஜ். இதில் உலோகம் உருக்கி ஊற்றப்படுவதே இல்லை. பெரும்பாலும் 6061 என்ற அலுமினியக் கலவையின் திண்மக் கட்டையைச் சூடாக்கி, பல ஆயிரம் டன் விசையுள்ள அழுத்த இயந்திரத்தில் வைத்து நசுக்கி வடிவம் கொடுக்கிறார்கள்; பிறகு கடைந்து செதுக்குகிறார்கள். கொல்லர் காய்ச்சி அடித்த அரிவாளும் அச்சில் வார்த்த இரும்புத் துண்டும் ஒன்றாகுமா? அதே வேறுபாடுதான் இங்கும். குறைந்த தடிமனிலேயே அதே சுமையைத் தாங்கும். மோசமான குழியில் விழுந்தாலும் சட்டென்று உடையாமல் பெரும்பாலும் வளைந்தே கொடுக்கும். ரேஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட டிஇ37 ரிம்மின் பெயரிலுள்ள 37 என்ற எண், 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் கொண்ட அளவில் அதன் எடை 3.7 கிலோ என்பதைக் குறிக்கிறது. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் ஆறு ஸ்போக் ரிம்களில் எத்தனையோ அதன் வடிவத்தைப் பார்த்துச் செய்தவை. வடிவத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த எடையை அந்தச் செய்முறை இல்லாமல் பாதுகாப்பாக எட்ட முடியாது.

இரண்டு அல்லது மூன்று துண்டுகளைப் போல்ட்டால் இணைத்த ரிம்களும் உண்டு. அகலத்தை விரும்பியபடி அமைக்கலாம் என்பது அவற்றின் பலம். போல்ட்டுகளும் இணைப்பு விளிம்புகளும் எடையைக் கூட்டுவதும், நாளடைவில் இணைப்பு வழியே காற்றுக் கசிவதும் பலவீனம். மக்னீசியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது என்றாலும் எளிதில் அரிக்கும். கார்பன் இழை ரிம் நம் சாலைக்கும் வருமானத்துக்கும் உரியதன்று. இவற்றை இத்தோடு விட்டுவிடலாம்.

படி 4: கடையில் தராசோடு நில்லுங்கள்

15க்கு 7 அளவில், நான்கு நட் ரிம் ஒன்றுக்கு நான் கையில் எடுத்துப் பார்த்த வரையில் ஏறக்குறைய இப்படி எதிர்பார்க்கலாம். மலிவான ஊற்று வார்ப்பு ஆறரை முதல் எட்டுக் கிலோ வரை இருக்கும். நல்ல குறைந்த அழுத்த வார்ப்பு ஆறு முதல் ஏழு. ஃபுளோ ஃபார்ம் ஐந்து முதல் ஆறு. ஃபோர்ஜ் நான்கு முதல் ஐந்து. வடிவத்தைப் பொறுத்து இவை சற்று ஏறி இறங்கும். விற்பவர் சொல்லும் செய்முறையும் தராசு காட்டும் எடையும் பொருந்தாவிட்டால், தராசையே நம்புங்கள். ஃபோர்ஜ் என்று சொல்லி ஏழரைக் கிலோ காட்டினால் அது ஃபோர்ஜ் அன்று. வார்ப்பு என்று ஒப்புக்கொண்டு நாலரைக் கிலோ காட்டினால், அது இன்னும் மோசம், வாங்காதீர்கள். நான்கு ரிம்மையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று வேறுபாடு மிகுதியாக இருந்தால் வார்ப்பில் கட்டுப்பாடு இல்லை என்று பொருள்.

பிறகு ரிம்மைக் கவிழ்த்துப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கம் சாயத்தால் மறைந்திருக்கும், பின்பக்கம் அவ்வளவாக மறைக்காது. வார்ப்பு ரிம்மின் பின்புறத்தில் சொரசொரப்பான தோலும், அச்சிலிருந்து தள்ளிய ஊசிகளின் வட்டத் தடங்களும், தேதிக் கட்டங்களும் தெரியும். ஃபோர்ஜ் ரிம்மில் கடைசல் கருவி ஓடிய கூர்மையான விளிம்புகளும் சீரான கோடுகளும் இருக்கும். தட்டிப் பார்த்து ஒலியை வைத்துத் தீர்மானிப்பவர்களும் உண்டு. அந்தச் சோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முத்திரைகளையும் படியுங்கள். ஜே.டபிள்யூ.எல். என்பது ஜப்பானிய இலகு உலோக ரிம் தரத்தைத் தன் ரிம் நிறைவு செய்கிறது என்று உற்பத்தியாளரே அறிவிக்கும் குறி. வி.ஐ.ஏ. என்பது அதற்கு மேல், ஜப்பானில் வெளியாரின் சோதனைக்குட்பட்டுப் பதிவு பெற்றதைக் காட்டும் குறி. அந்தச் சோதனைகளில் சுழற்றி வளைக்கும் அயர்ச்சிச் சோதனை, சுமையோடு உருட்டும் சோதனை, எடையை மேலிருந்து விழவிடும் மோதல் சோதனை ஆகிய மூன்றும் அடங்கும். நம் சாலைக் குழிகளுக்கு மூன்றாவதே மிக நெருக்கமானது. போலி ரிம்களிலும் இக்குறிகளை வார்த்துவிடுகிறார்கள் என்பதால், குறி மட்டும் போதாது. குறி, எடை, பின்புறத் தோற்றம் ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

தாங்கும் சுமை கிலோவில் பொறிக்கப்பட்டிருந்தால், டயரின் சுமைக் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். மைவியின் 175/65ஆர்14 டயரில் (175 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 14 அங்குல ரிம்) காணப்படும் 82 என்ற குறியீடு 475 கிலோவைக் குறிக்கும். ரிம்மின் எண் அதற்குக் குறையக் கூடாது. ஹைலக்ஸ் போன்ற வண்டியில் உரமூட்டையோ குலையோ ஏற்றுபவர்கள் லோரி வகைக்குரிய ஜே.டபிள்யூ.எல்.-டி குறியைத் தேட வேண்டும். காருக்குரிய ரிம் ஆறு நட்டோடு செய்யப்பட்டிருப்பதாலேயே அது சுமை வண்டிக்கு ஏற்றதாகிவிடாது.

படி 5: அளவு பொருத்தம்

மைவி, ஆக்சியா, பெஸ்ஸா மூன்றும் 4க்கு 100 பி.சி.டி., அதாவது 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நான்கு நட் துளைகள்; நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். வெளிச்சந்தை ரிம்களில் நடுத்துளை பெரும்பாலும் 73.1 மில்லிமீட்டராக இருக்கும். இடைவெளியை நிரப்பும் 73.1க்கு 54.1 வளையத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் ரிம் மையத்தில் சரியாக உட்காராது, 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் அதிரும்.

ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். அந்தக் கணக்கை மட்டும் ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, பழைய ரிம் ஐந்தரை அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும், புதியது 7 அங்குலமும் 35 ஆஃப்செட்டும் என்று வைத்துக்கொள்வோம். அகல வேறுபாடு 38 மில்லிமீட்டர். அதில் பாதி, 19, இரு பக்கமும் விரியும். ஆஃப்செட் 10 குறைந்ததால் முழு ரிம்மும் 10 மில்லிமீட்டர் வெளியே நகரும். ஆகவே வெளிப்புறம் 29 மில்லிமீட்டர் துருத்தும். உள்புறம் 9 மில்லிமீட்டர் அப்சோபரை நெருங்கும். மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்தினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் சோதனையில் சிக்கல் வரும். வாகனப் பரிசோதனையிலும் தேறாது. பெரியவர்கள் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்ததும் டயர் உரசத் தொடங்குவதும் இதனால்தான்.

படி 6: விட்டத்தைச் சாலையே தீர்மானிக்கட்டும்

வெளிவிட்டம் மாறாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்கினால், டயரின் பக்கச்சுவர் குறைந்தே ஆக வேண்டும். 175/65ஆர்14 டயரில் பக்கச்சுவர் 114 மில்லிமீட்டர், 195/50ஆர்15இல் சுமார் 98, 195/45ஆர்16இல் 88, 205/40ஆர்17இல் 82. குழியின் அடியை ரிம் நேரடியாக வாங்காமல் காப்பது அந்தக் காற்றடைத்த சுவர்தான். ரிம் பெரிதாகும்போது அதன் எடையும் கூடுகிறது என்பதால், 17 அங்குலத்துக்குப் போகும் தோட்டத்துக் கார் இரண்டு வகையிலும் இழக்கிறது. தினமும் தோட்டத்துச் சாலையில் ஓடும் சிறிய காருக்கு என் பரிந்துரை 15 அங்குலம், ஆறு அல்லது ஆறரை அங்குல அகலம், 185/55 டயர். 7 அங்குல அகலம்கூடத் தேவையில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் 17 போட ஆசைப்பட்டு வந்தபோது, அவர் காரிலேயே ஏறி ஆலைச் சாலை வரை போய்வரச் சொன்னேன். திரும்பி வந்து, "சரிண்ணே, 15 போதும்" என்றார்.

படி 7: பழைய ரிம் வாங்குவதானால்

போலி வடிவத்தில் வரும் புது ரிம்மைவிட, பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் வந்திறங்கும் அசல் ஜப்பானியப் பழைய ரிம்மை நான் மேலாக மதிக்கிறேன். ஆனால் அதற்குச் சோதனை கட்டாயம். நல்ல வெளிச்சத்தில் உள்விளிம்பு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள்; நெளிவு கைக்குத் தெரியும். பேலன்ஸ் இயந்திரத்தில் டயர் இல்லாமல் ஏற்றிச் சுழலவிட்டு, விளிம்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஸ்போக் வளையத்தோடு சேரும் மூலைகளிலும் நட் துளைகளைச் சுற்றியும் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சற்றுப் பொறுத்தால், விரிசல் இருந்தால் ஈரக் கோடாகக் கசிந்து காட்டும்.

ஒரு பக்கம் மட்டும் சாயம் புதிதாக இருந்தால் அங்கே பற்றவைப்பு மறைந்திருக்கலாம். டி6 பதத்தைப் பற்றி முன்பு சொன்னேன். பற்றவைக்கும்போதும், தீயால் சூடாக்கி நெளிவெடுக்கும்போதும் அந்த இடத்தில் பதம் போய்விடுகிறது. பார்வைக்கு நேராக இருக்கும், உறுதி திரும்பியிராது. ஸ்போக்கிலோ அதன் அடியிலோ பற்றவைத்த ரிம்மை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். விரிசல் விட்ட என் ரிம்மைப் பற்றவைத்துத் தர ஒருவர் முன்வந்தார். பிள்ளைகள் ஏறும் கார் என்பதால் நான் மறுத்துவிட்டேன்.

படி 8: மாட்டும்போது

ரிம் உட்காரும் ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் துரு நீங்கத் தேய்த்துவிடுங்கள். நட்டின் உட்காரும் பகுதி ரிம்மின் துளையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மைவி, ஆக்சியா, பெஸ்ஸா ஆகிய பெரோடுவா கார்களுக்குக் கூம்பு வடிவ நட். ஹோண்டாவின் அசல் ரிம் உருண்டை வடிவ நட்டுக்கானது. இரண்டையும் கலந்து மாட்டினால் நட் இறுகியதுபோலத் தோன்றிப் பிறகு தளரும்.

கையால் எல்லா நட்டையும் திருகிய பிறகு, எதிரெதிராக இறுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் முழுவதும் இறுக்குவதை அனுமதிக்க வேண்டாம். கடைசி இறுக்கம், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால்தான் இருக்க வேண்டும். சிறிய கார்களுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். சரியான எண் உங்கள் காரின் கையேட்டில் இருக்கிறது. அலுமினியம் சிறிது அமுங்கி இடம்பிடிக்கும் என்பதால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ரிம் ஆறியிருக்கும் நேரத்தில் மறுபடியும் அதே எண்ணுக்கு இறுக்கிப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து ஈப்போ போய்த் திரும்பினால் அந்தத் தூரம் நிறைந்துவிடும். பழைய இரும்பு ரிம்களில் நல்லதொன்றைப் பின்பெட்டியில் ஸ்பேராக வைத்துக்கொண்டு, அதற்குரிய நட்டுகளையும் ஒரு பையில் கட்டி அதன் நடுவிலேயே போட்டு வையுங்கள்.